ஒரே சரிவு, ஐந்து திட்டு: காட்டுத் தைம் எண்ணெய் வடித்த அனுபவம்

காட்டுத் தைம் படர்ந்த இரண்டாம் திட்டின் எண்ணெய் அளவுக் குழாயில் வந்து நின்றதும், மேல் வாயைத் திறந்து முகர்ந்தேன். எலுமிச்சை வாசனை. ஓமத்தைக் கசக்கினால் எழுமே, அந்தக் காரமான நெடிதான் வரும் என்று மூன்று மாதமாகக் காத்திருந்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் சந்தேகம் கருவிமேல்தான் வந்தது. முன்பு எதையோ வடித்துவிட்டுச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பேன் என்று எல்லாவற்றையும் கழற்றி ஆல்கஹாலில் அலசினேன். பிறகு வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் வடித்துப் பார்த்தேன். வடிந்த நீரில் எந்த வாசனையும் இல்லை. அதே திட்டின் இலைகளை மீண்டும் போட்டேன். மீண்டும் எலுமிச்சை.

அந்த வாசனையைத் துரத்தப் போய்த்தான் வேலை முழுவதும் வேறு திசைக்குத் திரும்பியது. முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

காட்டுத் தைம் தரையோடு படரும் குட்டைச் செடி. துளசியும் புதினாவும் சேர்ந்த அதே குடும்பம். தோட்டங்களில் வளர்க்கும் தைம், தைமஸ் வல்காரிஸ் என்ற வேறு இனம். அதில் எண்ணெய் கூடுதல். உலர்ந்த தோட்டத் தைம் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 12 மில்லி எண்ணெய் தரவேண்டும் என்று ஐரோப்பிய மருந்துத் தரநூல் கேட்கிறது. காட்டுத் தைமுக்கு அது கேட்பது 3 மில்லிதான். அந்தக் கொஞ்ச எண்ணெயில் என்னென்ன இருக்கிறது என்று என் கையால் வடித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. படித்துவைத்திருந்த பட்டியல் இது: தைமால், கார்வக்ரால் என்ற இரண்டு பீனால்கள், அவற்றோடு ஒட்டியே வரும் காமா-டெர்பினீன், பாரா-சைமீன், கொஞ்சம் லினலூல், போர்னியால், கடைசியாக பீட்டா-கேரியோஃபிலீன், ஜெர்மக்ரீன் டி போன்ற கனமான செஸ்குவிடெர்பீன்கள்.

முதலில் கையில் கிடைத்தது பையில் வந்த உலர்ந்த மூலிகை. தைமஸ் செர்பில்லம் என்று பையில் அச்சிட்டிருந்தது. 200 கிராமை எடுத்துச் சாதாரண நீராவி வாலையில் போட்டு, ஒரு லிட்டர் வடிநீர் சேரும்வரை ஓட்டினேன். மேலே மிதந்தது கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய படலம் மட்டும். அதன் வாசனையும் மண்ணெண்ணெயை ஒத்த ஏதோ ஒன்றாக இருந்தது. தைமாலின் கூர்மை இல்லை. மூலிகை பழசு என்று முடிவு கட்டப் போனபோதுதான் கீழே இருந்த வடிநீரை முகர்ந்தேன். நெடி அத்தனையும் அதற்குள் இருந்தது.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் தைமாலைக் கரைத்து வைத்துக்கொள்ளும். பாரா-சைமீன் போன்ற ஹைட்ரோகார்பன்களோ சில பத்து மில்லிகிராமுக்கு மேல் கரையாது. என் 200 கிராம் மூலிகையில் இருந்த மொத்த எண்ணெயே ஒரு மில்லிக்குள்தான் இருக்கும். ஒரு மில்லி எண்ணெயும் ஒரு லிட்டர் தண்ணீரும் தைமாலைப் பங்குபோட்டுக்கொண்டால், எண்ணெயைத் தைமால் அதிகம் விரும்பினாலும், கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். கூடவே வந்த ஹைட்ரோகார்பன்கள் மேலே மிதக்கும். அந்தப் படலத்தை மட்டும் பகுத்துப் பார்த்திருந்தால், இந்தச் செடியில் பீனால் குறைவு என்று எழுதியிருப்பேன். செடி அப்படிச் சொல்லவில்லை. என் வாலைதான் அப்படிச் சொன்னது. வடிநீரில் உப்பைக் கரைத்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் மூன்று முறை குலுக்கிப் பிரித்து, ஹெக்சேனை ஆவியாக விட்டதும் அடியில் தங்கியது அப்பட்டமான தைம் மணம்.

அதற்குப் பிறகுதான் கிளெவெஞ்சர் கருவிக்கு மாறினேன். 1928இல் கிளெவெஞ்சர் விவரித்த வடிவம் இது. இன்றும் மருந்தாய்வுக் கூடங்களில் எண்ணெய் அளவிட இதைத்தான் வைத்திருக்கிறார்கள். இதன் நுட்பம் ஒன்றே ஒன்று: குளிர்ந்து இறங்கும் நீர் ஒரு வளைவு வழியாகக் குடுவைக்கே திரும்பிவிடுகிறது, எண்ணெய் மட்டும் அளவுக் குழாயில் தங்குகிறது. சுற்றி வருவது கொஞ்ச நீர்தான் என்பதால் அதில் கரைந்து தொலைவதும் கொஞ்சமே. ஒரு லிட்டர் வட்டக் குடுவையில் 50 கிராம் மூலிகை, 500 மில்லி நீர், நாலைந்து கொதிகற்கள். நிமிடத்துக்கு 2 முதல் 3 மில்லி வடியும்படி சூட்டை வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டினேன். பெரும்பகுதி எண்ணெய் முதல் அரைமணியில் வந்துவிடும். அதோடு நிறுத்தினால் பின்னால் மெதுவாக வரும் செஸ்குவிடெர்பீன்கள் விடுபட்டுப் போகும். சதவீதக் கணக்கு சாய்ந்துவிடும். தைமாலின் கொதிநிலை 232 பாகை. ஆனாலும் நீராவியோடு சேர்ந்து 100க்குக் கீழேயே அது ஏறி வந்துவிடுவதைக் கண்ணால் பார்ப்பது எத்தனை முறை ஆனாலும் எனக்கு அலுக்கவில்லை.

இதிலும் ஒரு தவறு நடந்தது. கண்ணாடி இணைப்புகள் இறுகிக்கொள்ளக் கூடாதே என்று சிலிக்கோன் கிரீஸ் தடவியிருந்தேன். பிற்பாடு எண்ணெயைக் கருவியில் பகுத்தபோது நிறமாலையில் 73, 207, 281 என்று சிலிக்கோனுக்கே உரிய அயனிகளோடு தேவையில்லாத பீக்குகள் நின்றன. இப்போது கிரீஸ் இல்லை. மெல்லிய டெஃப்லான் உறைதான். அதேபோல, குழாயில் எண்ணெய் ஒட்டாமல் திரள அரை மில்லி சைலீன் சேர்க்கும் வழக்கம் ஒன்று உண்டு. அளவு பார்க்க அது நல்லது. பகுப்பாய்வுக்கு வேண்டிய எண்ணெயைச் சைலீன் இல்லாமல் தனியாக வடித்துக்கொள்ள வேண்டும்.

பை மூலிகை 50 கிராமுக்கு 0.2 மில்லி தந்தது. கிலோவுக்கு 4 மில்லி. தரநூலின் கோட்டைத் தாண்டிவிட்டது. ஐந்து முறை வடித்துச் சேர்த்து ஒரு மில்லி ஆக்கினேன். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல் பீனால் எவ்வளவு என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. பீனால்கள் மெல்லிய அமிலங்கள். காரத்தில் உப்பாகிக் கரைந்துவிடும். மற்ற டெர்பீன்கள் கரையா. எண்ணெயை 5 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலோடு ஒரு நீள்கழுத்து அளவுக் குழாயில் போட்டு நன்றாகக் குலுக்கி, ஓர் இரவு விட்டுவிட்டால், மேலே மிதப்பதில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பீனால். உடனே பார்த்தால் பால்போலக் கலங்கி நிற்கும், பொறுமை வேண்டும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யாதீர்கள். காரமும் சரி, தைம் எண்ணெயும் சரி, கண்ணுக்கு ஆகாது. என் ஒரு மில்லி காலையில் 0.55 ஆக இருந்தது.

கீழே இருந்த காரக் கரைசலை ஹெக்சேனில் ஒருமுறை கழுவி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விட்டேன். பீனால் எண்ணெயாகப் பிரிந்தது. இங்கேதான் எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு. தைமால் 50 பாகைக்கு அருகில் உருகும் திண்மம். 1719இலேயே காஸ்பர் நாய்மன் தைம் எண்ணெயிலிருந்து அதைப் பிரித்திருக்கிறார். கார்வக்ராலோ அறை வெப்பநிலையில் திரவம். இரண்டுக்கும் ஒரே வாய்பாடு, 10 கார்பன், 14 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். பென்சீன் வளையத்தில் ஹைட்ராக்சில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம். படிகம் விழுந்தால் தைமால், விழாவிட்டால் கார்வக்ரால் என்று எளிதாக நினைத்திருந்தேன். குளிர்பெட்டியில் நாலு நாள் வைத்தும் படிகம் விழவில்லை. தைமால் துகள் ஒன்றை விதையாகப் போட்டேன், அதுவும் கரைந்துபோயிற்று. பிறகுதான் உறைத்தது: இரண்டும் கணிசமாகக் கலந்திருந்தால் ஒன்று மற்றதன் உருகுநிலையைக் கீழே இழுத்துவிடும், எதுவும் உறையாது.

பையில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். காட்டுத் தைம் என்ற பெயரில் உலவும் இனங்களை இலையை வைத்துப் பிரிப்பது கடினம். பூந்தண்டின் முடியை வைத்துப் பிரிப்பது எளிது. தண்டைச் சுற்றிலும் முடி இருந்தால் தைமஸ் செர்பில்லம். நான்கு விளிம்புகளில் மட்டும் முடி இருந்து பக்கங்கள் மொழுக்கென்று இருந்தால் தைமஸ் புலேகியாய்டெஸ். எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும் முடி இருந்தால் தைமஸ் பாலிட்ரைக்கஸ். என் பையில் முதல் இரண்டும் கலந்து கிடந்தன. எத்தனை இடத்திலிருந்து, எத்தனை செடியிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாத கலவையை வடித்து, காட்டுத் தைமின் வேதியியல் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே செடியைத் தேடிப் போனேன். மணற்பாங்கான, வெயில் முழுக்க விழும் சரிவு ஒன்றில் நன்றாகப் படர்ந்த ஐந்து திட்டுகளைத் தேர்ந்தெடுத்தேன். முதல் திட்டுக்கும் ஐந்தாம் திட்டுக்கும் இடையே நூறு அடி இருந்தால் அதிகம். எல்லாம் பூத்திருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டவில்லை. வேரைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைக் காகிதத்தில் அழுத்தி எண் போட்டு வைத்தேன். ஐந்தின் தண்டையும் உருப்பெருக்கியில் பார்த்தாயிற்று: விளிம்பில் மட்டும் முடி. ஐந்தும் புலேகியாய்டெஸ்.

உலர்த்துவதில் ஒரு சொல். எண்ணெய் இலைக்குள் ஆழத்தில் இல்லை. மேற்பரப்பில் கேடயம்போல உட்கார்ந்திருக்கும் சுரப்பி முடிகளில், மெல்லிய உறைக்கு அடியில் சொட்டாகத் தேங்கியிருக்கிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பளபளக்கும் புள்ளிகளாகத் தெரியும். அடுப்புச் சூட்டில் காயவைத்தால் அந்த உறையைத் தாண்டி லேசான மோனோடெர்பீன்கள் பறந்துவிடும். நிழலில், 35 பாகைக்கு மேல் போகாமல், மெல்லப் பரப்பிக் காயவைத்தேன். காய்ந்தபின் தண்டுகளை நீக்கினேன். தண்டில் எண்ணெய் சொற்பம். எடையை மட்டும் கூட்டிக் காட்டும்.

ஐந்தையும் தனித்தனியாக, 30 கிராம் வீதம் வடித்தேன். எதுவும் 0.1 மில்லியை அதிகம் தாண்டவில்லை. முதல் திட்டு காரமான பீனால் நெடி. இரண்டாவதுதான் அந்த எலுமிச்சை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மீண்டும் பீனால்.

கருவியைக் கழுவி மறுபடி வடித்தும் வாசனை மாறவில்லை என்று சொன்னேன் அல்லவா? இன்னொரு ஐயம் மிச்சம் இருந்தது: கொதிநீரில் இரண்டு மணி நேரம் வேகும்போது ஏதாவது உருமாறியிருக்குமோ? சில எஸ்டர்கள் அப்படி உடைவதுண்டு. அதனால் வடிக்காமலே பார்த்தேன். இரண்டாம் திட்டின் நான்கு இலைகளைச் சிறு குப்பியில் ஒரு மில்லி ஹெக்சேனில் ஓர் இரவு ஊறவிட்டு, அந்தச் சாற்றையும் வடித்த எண்ணெயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, ஜிசி-எம்எஸ் கருவியைப் பராமரிக்கும் ஓர் அக்காவிடம் போனேன். கலவையில் உள்ள சேர்மங்களை நீண்ட நுண்குழலில் ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் உடைத்து அடையாளம் காட்டும் கருவி அது. ஒவ்வொரு சேர்மமும் வெளிவரும்போது வரைபடத்தில் ஒரு பீக் எழும். பல வருடமாக நறுமண எண்ணெய்களையே பார்த்து வருபவர்.

30 மீட்டர் நீளம், 0.25 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட நுண்குழல். ஐந்து சதவீத பீனைல் கலந்த சிலாக்சேன் பூச்சு. 60 பாகையில் தொடங்கி நிமிடத்துக்கு 3 பாகை வீதம் 240 வரை ஏற்றம். எண்ணெயை நூறில் ஒரு பங்காக ஹெக்சேனில் நீர்த்து ஒரு மைக்ரோலிட்டர் செலுத்தினோம். இலைச்சாற்றை அப்படியே செலுத்தினோம்.

முதலில் ஓடியது மூன்றாம் திட்டு. ஒரு பெரிய பீக் எழுந்தது. கணினியின் நிறமாலைத் தொகுப்பு அதற்குக் கார்வக்ரால் என்று பெயர் தந்தது. அடுத்து முதல் திட்டு. கொஞ்சம் தள்ளி ஒரு பெரிய பீக். அதற்கும் கார்வக்ரால் என்றே பெயர். நான் குறித்துக்கொள்ளப் போனேன். அக்கா தடுத்தார்.

“தொகுப்பு சொல்ற பேரை மட்டும் நம்பி எழுதிடாதீங்க தம்பி. தைமாலும் கார்வக்ராலும் உடையற விதம் ஒண்ணுதான். ரெண்டுக்கும் எடை 135 உள்ள துண்டுதான் உச்சம், முழு மூலக்கூறு 150. வெளிவர்ற காலத்தைப் பாருங்க.”

எட்டு கார்பன் முதல் இருபது கார்பன் வரையுள்ள அல்கேன் வரிசையை அதே நிரலில் ஓட்டினோம். 12 கார்பன் கொண்ட டோடெக்கேன் 16.80 நிமிடத்திலும் 13 கார்பன் கொண்ட டிரைடெக்கேன் 20.80 நிமிடத்திலும் இறங்கின. முன்னதை 1200, பின்னதை 1300 என்று வைத்துக்கொண்டு நடுவில் விழும் பீக்கின் இடத்தை விகிதத்தில் கணக்கிட வேண்டும். மூன்றாம் திட்டின் பீக் 20.36 நிமிடம். 3.56ஐ 4.00ஆல் வகுத்தால் 0.89, ஆக 1289. இந்த வகைக் குழலில் தைமாலின் இடம் அதுதான். முதல் திட்டின் பீக் 20.72 நிமிடம், 1298. அது கார்வக்ரால். தொகுப்பு இரண்டுக்கும் ஒரே பெயர் தந்திருந்தது. பத்துக்கும் குறைவான இந்த இடைவெளிதான் இரண்டையும் பிரித்துக் காட்டியது. அல்கேன் வரிசை ஓட்டாமல் தைம் எண்ணெய்க்குப் பட்டியல் போடக்கூடாது என்று அன்றே என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன்.

இரண்டாம் திட்டின் படம் முற்றிலும் வேறு. 1285க்கும் 1300க்கும் இடையே தரையோடு தரையாகக் கிடந்தது. அதற்கு முன்னால் மூன்று பீக்குகள்: 1235இல் நெரால், 1249இல் ஜெரானியால், 1264இல் ஜெரானியல். நெராலும் ஜெரானியலும் சேர்ந்ததைத்தான் சிட்ரால் என்கிறோம். எலுமிச்சை வாசனை அதிலிருந்து வந்ததுதான். இலைச்சாற்றிலும் அதே மூன்றும் இருந்தன. ஆக, வடிப்பால் வந்த மாற்றம் அல்ல, கழுவாத கருவியும் அல்ல. செடியே அப்படி.

இதற்குப் பெயர் வேதிவகை. ஒரே இனம், ஒரே தோற்றம், பக்கத்தில் பக்கத்தில் முளைத்தவை; சுரப்பிக்குள் நடக்கும் வேதியியல் மட்டும் வேறு. ஏறக்குறைய எல்லா மோனோடெர்பீன்களுக்கும் தொடக்கம் பத்துக் கார்பன் கொண்ட ஜெரானில் டைபாஸ்பேட். அதை ஒரு நொதி காமா-டெர்பினீனாக மடித்தால், அடுத்து ஆக்சிஜன் ஏற்றும் நொதிகள் அதைத் தைமாலாகவோ கார்வக்ராலாகவோ ஆக்குகின்றன. பாரா-சைமீன்தான் இடைப்படி என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2021இல் வெளிவந்த ஆய்வு, வழி காமா-டெர்பினீனிலிருந்து நேராகவே போகிறது, பாரா-சைமீன் ஒதுங்கி விழும் துணைப்பொருள் என்று காட்டியது. இரண்டாம் திட்டில் அந்த மடிப்புக்கே வழியில்லை. தொடக்கப் பொருளை வேறொரு நொதி ஜெரானியாலாக வெட்டியெடுத்துவிடுகிறது; அது ஆக்சிஜனேற்றமடைந்து சிட்ரால் ஆகிறது.

தைமஸ் வல்காரிஸ் செடியில் இதை அழகாக விரித்துக் காட்டிய இடம் தெற்கு பிரான்சில் மொம்பெல்லியே நகருக்கு வடக்கே உள்ள சான்-மார்த்தான்-டெ-லோந்த்ர் பள்ளத்தாக்கு. அங்கே ஆறு வேதிவகைகள் உண்டு: ஜெரானியால், ஆல்ஃபா-டெர்பினியால், துஜனால், லினலூல், கார்வக்ரால், தைமால். இந்த வரிசையில் முன்னால் நிற்பதன் மரபணு பின்னால் உள்ளதை மறைத்துவிடும். எதுவும் மறைக்காதபோதுதான் தைமால் வெளிப்படும். குளிர்காற்று தேங்கி உறைபனி விழும் பள்ளத்தில் பீனால் இல்லாதவை; சுற்றியுள்ள காய்ந்த கல்மேடுகளில் பீனால் வகைகள். முன்பனிக்காலக் கடுங்குளிரைப் பீனால் வகைகள் தாங்குவதில்லை என்பதுதான் காரணம். 1970களுக்குப் பின் அந்தக் கடுங்குளிர் தணிந்ததும், முன்பு இல்லாத இடங்களில் பீனால் செடிகள் இறங்கி வந்திருப்பதை 2013இல் பதிவு செய்தார்கள். செடியின் வாசனையில் ஒரு பள்ளத்தாக்கின் குளிரே எழுதியிருக்கிறது என்பது என்னை உலுக்கிவிட்டது.

காட்டுத் தைமில் இது இன்னும் அகலம். லித்துவேனியாவில் வளரும் புலேகியாய்டெஸில் கார்வக்ரால், தைமால், சிட்ரால்-ஜெரானியால், லினலூல் வகைகள் பதிவாகியிருக்கின்றன. எஸ்டோனியாவில் காட்டில் வளரும் செர்பில்லத்தில் நெரோலிடால், கேரியோஃபிலீன் ஆக்சைடு, மிர்சீன் முன்னால் நிற்கின்றன. தைமாலும் கார்வக்ராலும் சொற்பம். காட்டுத் தைம் எண்ணெயில் தைமால் இத்தனை சதவீதம் என்று ஒற்றை எண்ணைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. எந்தச் செடி, எந்த இடம், பூப்பதற்கு முன்பா பின்பா, எதில் வடித்தது என்ற நான்கும் இல்லாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாம் திட்டு தைமால் என்று தெரிந்ததும் படிகச் சோதனையைத் திரும்ப எடுத்தேன். இருந்த 0.1 மில்லியைக் காரத்தில் கரைத்து, அமிலம் விட்டுப் பிரித்து, கடிகாரக் கண்ணாடியில் வைத்து விதைத் துகள் ஒன்றைப் போட்டேன். இம்முறை அது கரையவில்லை. பத்து நிமிடத்தில் துகளைச் சுற்றி ஊசி ஊசியாக வளர்ந்து, அரைமணியில் சொட்டு முழுவதும் உறைந்து வெள்ளைத் தட்டாக ஆயிற்று. விளக்கை அணைக்க மனமில்லாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் திட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்காவது முதலாவதைப்போலவே தெளிவான கார்வக்ரால் வகை. ஐந்தாவதில் கார்வக்ரால் இருந்தது. ஆனால் அதோடு காமா-டெர்பினீனும் பாரா-சைமீனும் ஏறக்குறைய சரிக்குச் சமமாக நின்றன. மீதி எண்ணெயைப் பாதி காலியான குப்பியில் ஜன்னலோரம் விட்டுவிட்டேன். அது என் அலட்சியம். ஐந்து மாதம் கழித்து ஓட்டியபோது காமா-டெர்பினீன் பாதிக்கும் கீழே இறங்கி, பாரா-சைமீன் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. காற்றும் வெளிச்சமும் பட்டால் காமா-டெர்பினீன் இரண்டு ஹைட்ரஜனை இழந்து பாரா-சைமீனாகிவிடும். செடியில் இருந்த பாரா-சைமீன் எவ்வளவு, குப்பியில் பிறந்தது எவ்வளவு என்று பழைய எண்ணெயைப் பார்த்துச் சொல்ல முடியாது. இப்போது எண்ணெயைச் சிறு பழுப்புக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி, குளிரில் வைக்கிறேன். வடித்த வாரத்திலேயே ஓட்டிவிடுகிறேன்.

பீக்கின் பரப்பளவைச் சதவீதமாக எழுதுவதிலும் நிதானம் வேண்டும். ஜிசி-எம்எஸ் கருவி ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஒவ்வொரு அளவில் துலங்கும். அளவு வேண்டுமென்றால் சுடர் அயனியாக்கக் கண்டறிவானில், தெரிந்த எடையில் ஓர் உள்தரத்தைச் சேர்த்து ஓட்டுவதுதான் முறை. என் ஐந்து எண்ணெய்களுக்கும் அதை இன்னும் செய்து முடிக்கவில்லை. ஆகவே எண்களை இங்கே தரவில்லை, எது முன்னால் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் திட்டிலிருந்து மூன்று துண்டுகளை வெட்டித் தொட்டியில் நட்டிருந்தேன். முதல் திட்டின் மூன்று துண்டுகள் அதே மண்ணில், அதே வெயிலில், பக்கத்திலேயே. அடுத்த வருடம் இரண்டும் பூத்தன. நான்கு நான்கு இலைகளை ஹெக்சேனில் போட்டு ஓட்டினோம். ஒன்றில் 1298இல் கார்வக்ரால், மற்றதில் 1235, 1249, 1264. போன வருடம் சரிவில் கண்ட அதே இரண்டு படங்கள். அக்கா தாள்களை ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் குப்பிகளில் ஒட்டும் சீட்டில் இப்போது இனத்தின் பெயருக்கு அடுத்த வரி இப்படி இருக்கிறது: திட்டு 2, சிட்ரால்-ஜெரானியால் வகை, முழுப் பூப்பு, நிழல் உலர்வு, கிளெவெஞ்சர் 2 மணி.